எல்லாம் பச்சையாக இருந்த வாரம்

உங்கள் கழுத்தில் தொங்குகிற அட்டையில் 'புராடக்ட் மேனேஜர்' என்று அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த இரண்டாவது சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். உங்களுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. மென்பொருள் எழுதுகிறவர் உங்கள் பேச்சைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. விற்கிறவருக்கும் இல்லை. முதலாளி கேட்கவே மாட்டார். பொருள் வெளியே போய் ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் மட்டும், எல்லாரும் திரும்பிப் பார்க்கிற முகம் உங்களுடையதாக இருக்கும்.

பினாங்கில், டத்தோ கிராமாட் பக்கம் ஒரு கல்யாண விருந்தில் என் பெரியப்பா முறையான ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டெல்லா, நீ மேனேஜராமே! ஒனக்குக் கீழ எத்தன பேரு?"

"ஒருத்தரும் இல்ல பெரியப்பா."

"ஒருத்தரும் இல்லையா? அப்பறம் யாரத்தான் மேனேஜ் பண்ற?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, ஏதாவது அரசாங்க வேலைக்கு எழுதிப் போடச் சொன்னார். அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இந்த வேலையின் பங்கு என்ன, மதிப்பு என்ன என்று உங்களுக்குப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டுத் திரையில் காட்ட எனக்கு வராது. ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும், காலை எட்டு மணிக்கு யாருடைய கைப்பேசியாவது அலறினால் என் நெஞ்சு திக்கென்கிறது. அது அந்த வாரம் கொடுத்துவிட்டுப் போனது.

அப்போது நான் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்கிற ஊரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். நாங்கள் செய்தது ஒரு மருந்துப் பெட்டி. வயதானவர்கள் வீட்டில் வைத்துக்கொள்வதற்கு. கிளினிக்கில் தாதி எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று அதில் பதிந்து கொடுத்துவிடுவார். நேரம் வந்ததும் பெட்டி கத்தும். மூடியைத் திறந்து மாத்திரையை எடுத்தால் சத்தம் நிற்கும், எங்கள் திரையில் அந்த வீட்டுக்கு நேராகப் பச்சை விழும். அரை மணி நேரம் திறக்காவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்ததும் மகனுக்கோ மகளுக்கோ மெசேஜ் போகும்.

'அப்புறம் போடுகிறேன்' என்று சொல்ல அதில் பொத்தான் கிடையாது. வேண்டும் என்றேதான் வைக்கவில்லை. வாங்கப்போகிற மருத்துவமனைக்காரர்கள், பொத்தான் இருந்தால் கிழவர்கள் ஏமாற்றுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் விற்பனைத் தலைவன் சிவா அதையே பெரிய விஷயமாகப் போகிற இடமெல்லாம் சொல்லி விற்றான். "இந்தப் பெட்டிய ஏமாத்த முடியாதுங்க!"

பொறியாளர் ஃபாரிட் கெட்டிக்காரன். முஸ்லிம்களின் நோன்பு மாதத்துக்கென்று தனி ஏற்பாடு ஒன்றை யாரும் சொல்லாமலேயே செய்து வைத்திருந்தான். அந்த மாதம் மட்டும் மாத்திரை நேரமெல்லாம் விடியலுக்கு முன்னும் நோன்பு திறந்த பின்னும் மாறிவிடும். இவ்வளவு யோசித்துவிட்டோமே என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் லாரி அடுத்த திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தது. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். தைப்பூசம் என்றால் எனக்கு முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைப் பக்கம் சாலையை அடைத்துவிடுவார்கள் என்கிற ஞாபகம்தான் முதலில் வரும்.

வெள்ளோட்டத்துக்காக ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகளில் சிலருக்குப் பெட்டி கொடுத்திருந்தோம். அவர்களில் ஒருவர் லெட்சுமி அக்கா. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உள்ளவர். மகன் சரவணனோடு இருந்தார். மகள் கலா தூரத்தில், கோலாலம்பூரில். அக்கா எதையும் நேரத்துக்குச் செய்கிற ஆள் இல்லை. பாசாரில் காய்கறி வாங்கப் போய் யாரையாவது பார்த்தால் பேச நின்றுவிடுவார். அதனால் அவர் வரிசையில் வாரத்துக்கு ஒன்றிரண்டு சிவப்பு எப்போதும் இருக்கும்.

அந்த வாரம் ஒரு சிவப்பும் இல்லை. காலை எட்டு மணி மாத்திரை எட்டுக்கே எடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"பாத்தீங்களாக்கா? நூத்துக்கு நூறு!" சிவா என் மேசைக்கே வந்து சொன்னான். "இத அப்படியே ஆஸ்பத்திரிக்காரங்களுக்குப் போட்டுக் காட்டலாம்லா."

எனக்கு என்னவோ போல் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நல்ல செய்தியைப் பார்த்து முகம் சுளிக்கிறவள் என்று எனக்கு ஏற்கெனவே கம்பெனியில் பெயர். ஆனால் லெட்சுமி அக்கா திருந்துகிற ஆளா? உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் வேலையைப் போட்டுவிட்டுக் கடல் பாலத்தைத் தாண்டித் தீவிலிருக்கும் ஜெலுத்தோங்குக்குப் போனேன்.

வாசல் கம்பியில் மஞ்சள் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வீடு கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

"வா ஸ்டெல்லாம்மா. சாப்டாச்சா?" என்றார் அக்கா.

"ஆச்சுக்கா. நீங்க?"

"நான் ஒரு வேளதாம்மா. சரவணன் காவடி எடுக்கிறான்ல. அவனோட சேந்து நானும் விரதம். இப்பத்தான் சாமி கும்புட்டுட்டு ரெண்டு வாய் சாப்புட்டேன்."

நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப காலையில மாத்திர?"

"அதான் எட்டு மணிக்குக் கத்துதே! கத்துனா போட்டுருவேன்."

"வெறும் வயித்துலயா?"

"பின்ன என்னா செய்யச் சொல்ற? போடலன்னா கலாவுக்கு மெசேஜ் போயிரும். அவ போன் அடிச்சு என்னா ஏதுன்னு நோண்டுவா. விரதம்னு தெரிஞ்சுச்சு, அங்கேருந்தே ஒரு ஆட்டம் ஆடிருவா. 'ஒனக்கு இருக்குற சக்கரைக்கு விரதம் ஒரு கேடா'ம்பா."

"மயக்கம் வருதாக்கா?"

"லேசா. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. முந்தாநாளு செவத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். முருகன் சோதிக்கிறான்னு நெனச்சுக்கிட்டேன்."

அது முருகன் இல்லை, நாங்கள். அந்த மாத்திரை சர்க்கரையை இறக்குகிற மாத்திரை. சாப்பிடாமல் போட்டால் ஆளையே சாய்த்துவிடும். போன வருஷ விரதத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "போன வருஷம் பெட்டி ஏது? சாப்பாடு மத்தியானம்னா மாத்திரையும் மத்தியானம்" என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

அங்கேயே கிளினிக் தாதியைக் கூப்பிட்டு, அக்காவிடம் போனைக் கொடுத்தேன். தாதி கண்டிப்பாகப் பேசினார். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம், கை நடுங்கினால் உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போடுங்கள், நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வாருங்கள், டாக்டர் நேரத்தை மாற்றித் தருவார். அக்கா எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்றார்.

அந்த 'சரி சரி' உங்களுக்கும் தெரியும். போனை வைத்தால் போதும் என்பதற்காகச் சொல்கிற சரி.

"அக்கா, நாளைக்குக் காலையில அது கத்துனா கத்திட்டுப் போவுது. அந்த மாத்திரையப் போடாதீங்க. கலாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

"மத்தது எது வேணாலும் சொல்லு, கேக்குறேன். கலாகிட்ட சொல்லச் சொல்லாத."

பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அதில்தான் அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகளும் இருந்தன. கிளினிக்கைத் தவிர வேறு யாரும் நேரத்தை மாற்ற முடியாதபடி பூட்டியவர்களும் நாங்கள்தான். வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் காலை ஏழரைக்கே எல்லாரையும் உட்கார வைத்தேன். முதலாளி லிம், ஃபாரிட், சிவா, நான். சமாதானத்துக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் வாங்கிப் போயிருந்தேன். எங்கள் கூட்டங்கள் ஆங்கிலமும் மலாயும் கலந்து நடக்கும், நான் தமிழில் சொல்கிறேன்.

லாரியை நிறுத்த வேண்டும் என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

லிம் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை பேர்?"

"எனக்குத் தெரிந்து ஒருவர்."

"ஒருவரா? ஸ்டெல்லா, இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கீழே ஒரு உற்பத்தி லைனையே மூட வேண்டியிருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களை உனக்கும் தெரியும். ஒரு ஆளைக் காட்டி என்னை நிறுத்தச் சொல்கிறாய்."

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. நாளைக்கு உங்களையும் கேட்பார்கள், கையில் கணக்கு இல்லாமல் நீங்களும் முழிப்பீர்கள்.

"நோன்பு ஏற்பாடு இருக்கிறதே, அதைப் போடச் சொல்லலாமே" என்றான் ஃபாரிட்.

"உங்கள் நோன்பு எல்லாருக்கும் ஒரே மாதம், ஒரே சூரியன். இது அப்படி இல்லை ஃபாரிட். ஒவ்வொருவரும் சாமியிடம் தனித்தனியாக நேர்ந்துகொள்வது. ஒருவர் மத்தியானம் மட்டும் சாப்பிடுவார், ஒருவர் பாலும் பழமும், ஒருவர் விளக்கு வைத்த பிறகுதான். எத்தனை நாள் என்பதும் அவரவர் இஷ்டம்."

ஃபாரிட் மடிக்கணினியை மெதுவாக மூடினான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

சிவா விடவில்லை. "அக்கா, ஒரு பேப்பர் அடிச்சு பெட்டிக்குள்ள போட்ருவோம். விரதம் இருக்கிறவங்க டாக்டரக் கேட்டுக்குங்கன்னு. முடிஞ்சிச்சு கதை."

"நீ வாங்குன போன்ல ஒரு பேப்பர் வந்துச்சே, அதப் படிச்சியா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

எட்டு மணி ஆனது. நான் மேசை நடுவே ஒரு பெட்டியை வைத்திருந்தேன், அது கத்தத் தொடங்கியது. யாரும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதன் சத்தம் கூடிக்கொண்டே போகும். நாங்கள்தான் அப்படிச் செய்திருந்தோம். ஃபாரிட் நெளிந்தான். சிவா காதைப் பொத்தினான். கடைசியில் லிம் கையை நீட்டி மூடியைப் படீரென்று திறந்தார்.

"ஏன் திறந்தீர்கள்?" என்றேன்.

"சத்தம் தாங்கவில்லை!"

"மாத்திரை போட வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தீர்களா?"

அவர் கழுத்தெல்லாம் சிவந்தது. "எனக்கு நாடகம் காட்டாதே" என்றார். கெட்டிக்காரத்தனமாக ஏதாவது செய்து முதலாளியை வாயடைக்க வைப்பது கதைகளில் நன்றாக இருக்கும். எனக்கு அன்று அது எதிராகத்தான் போனது. அவர் முகம் இறுகிவிட்டது.

என் கண் அதற்குள் கைப்பேசித் திரைக்குப் போய்விட்டது. லெட்சுமி அக்காவின் வரிசை வெறுமையாக இருந்தது. அதே நேரத்தில் ஜெலுத்தோங்கிலும் ஒரு பெட்டி கத்திக்கொண்டிருக்கிறது. பச்சை விழக்கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. பச்சைக்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அன்று அது வந்துவிடக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன்.

பேச்சு திரும்பவும் லாரிக்கே போனது. சிவாவின் முன்னால் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏன்டா, நீ சாப்பிடலையா?"

"விரதம்கா. பால்குடம் எடுக்கிறேன்."

"வீட்டுல?"

"எல்லாருந்தான். அம்மாகூட…"

அவன் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கம்பெனியில் முதல் பெட்டியை அம்மாவுக்குத்தான் கொண்டுபோவேன் என்று சொல்லி, போன வாரம்தான் பெருமையாக எடுத்துப்போயிருந்தான். லிம் என்னைப் பார்த்து, அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். நான் சொல்வதற்குள் சிவா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் "ம்மா, மாத்திரையப் போட்டியா? போட்டியாம்மா?" என்று அவன் கத்துவது எங்களுக்குக் கேட்டது.

"சிவாவின் அம்மாவும் விரதம்தான். இப்போது இரண்டு பேர்" என்றேன் லிம்மிடம்.

அரை மணி முடிந்தது. லெட்சுமி அக்காவின் வரிசையில் சிவப்பு விழுந்தது.

அக்கா மாத்திரையைப் போடவில்லை! சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். எல்லார் முன்னாலும் சிரித்தே விட்டேன். சிரித்த வாயோடு இன்னொன்று உறைத்தது. மாத்திரை வேண்டாம் என்று இருக்கிறவருக்கும் அதே சிவப்புதான். மயங்கி விழுந்து கிடக்கிறவருக்கும் அதே சிவப்புதான்.

அக்காவுக்குப் போன் அடித்தேன். லைன் பிஸி. திரும்ப அடித்தேன். பிஸி. சரவணன் வேலையில் போனை எடுக்கமாட்டான். மறுபடியும் அடித்தேன். விழும்போது போன் கையில் அமுங்கி இருந்தாலும் இப்படித்தானே வரும் என்று புத்தி வேண்டாததையெல்லாம் எடுத்துக் கொடுத்தது.

எழுந்தேன்.

"எங்கே போகிறாய்? இன்னும் முடிவே எடுக்கவில்லை" என்றார் லிம்.

"நீங்கள் எடுங்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்றேன். முதலாளியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும்.

அந்த நேரத்துப் பாலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் பறக்கின்றன, என் காடி நகரமாட்டேன் என்கிறது. கடலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு போனை அடித்துக்கொண்டே இருந்தேன். பிஸி, பிஸி, பிஸி. நேற்றே அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம், கலாவுக்கு நானே போன் பண்ணியிருக்கலாம் என்று என்னென்னவோ ஓடியது. அழுகையாக வந்தது. அழுதேன்.

மாடிப்படியில் ஓடி ஏறினேன். அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் என்ன சின்னப் புள்ளையாடி? நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் விரதம் இருந்தவ!"

லெட்சுமி அக்கா நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எட்டரைக்கு மெசேஜ் போன மறு நிமிஷம் கலா அடித்திருக்கிறாள். அப்போது தொடங்கியது ஓயவில்லை. நான் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தா, பெட்டி கம்பெனி ஸ்டெல்லா வந்துருக்கா. அவகிட்டயே கேளு" என்று போனைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார்.

கலா ஆசிரியை. மரியாதையாகத்தான் பேசினாள், அதுதான் இன்னும் சுட்டது. "அக்கா, அந்தப் பெட்டி வந்ததுலேருந்து நான் அம்மாவுக்கு போன் பண்றதே கொறஞ்சு போச்சு. பச்ச வந்தா நல்லா இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். இந்த வாரம் பூரா பச்சதான் வந்துச்சு. எங்கம்மா சாப்புட்டாங்களான்னு உங்க பெட்டி ஒரு தடவயாச்சும் கேட்டுச்சா?"

போனைக் கம்பி வழியாக அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அக்காவைக் கிளினிக்கில் விட்டுவிட்டு வெளியே நின்றபோது லிம் அழைத்தார். லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். பெட்டியை மாற்ற ஃபாரிட் சில வாரங்கள் கேட்கிறானாம். "அந்த அம்மா எப்படி இருக்கிறார்?" என்றார். நன்றாக இருக்கிறார் என்றேன். சிவாவின் அம்மாவும் மாத்திரையைப் போட்டுவிட்டு, பிள்ளை அதட்டியதில் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டு நன்றாக இருந்தார்.

இத்தோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். மருத்துவமனைக்காரர்கள் கோபித்துக்கொண்டு பாதி ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கீழே ஒரு லைனின் இரவு ஷிப்டை எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த பெண்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்களில் ஒருத்தியை ஒரு நாள் பாசாரில் பார்த்தேன். ஏன் நிறுத்தினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. பெட்டி போகாததால் விழாமல் இருந்தவர்கள் யார் யார் என்று எந்தத் திரையும் எனக்குக் காட்டாது. போன வேலைகளை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வேலையின் மதிப்பு என்ன என்று கேட்டால் எனக்கு இன்னும் கணக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் யாராவது கணக்கு வைத்திருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தைப்பூசம் முடிந்து பல வாரங்கள் கழித்துப் புதிய பெட்டி வந்தது. இப்போது அது எடுத்ததும் கத்தாது. முதலில் கேட்கும். மூன்று மொழிகளில் வைத்தோம். பினாங்கில் எந்த இனத்துக்காரரும் எதிரே வருகிறவரிடம் முதலில் கேட்கிற கேள்விதானே அது! ஆச்சு என்றால் ஒரு பொத்தான், இன்னும் இல்லை என்றால் ஒரு பொத்தான். இன்னும் இல்லை என்றால் பெட்டி காத்திருக்கும், மறுபடியும் கேட்கும். எதற்குமே பதில் வராவிட்டால்தான் மகளுக்குச் சொல்லும். தமிழுக்கு என் குரலையே ஃபாரிட் பதிந்துகொண்டான். வேறு ஆளைப் பிடிக்கக் காசு இல்லை.

முதல் பெட்டியை லெட்சுமி அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். எட்டு மணி ஆகட்டும் என்று இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை என்ன தப்பு வரப்போகிறதோ என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்டாச்சா?" என்றது பெட்டி.

அக்கா பொத்தானை அமுக்கவில்லை. பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இன்னும் இல்லம்மா. நீ?"

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"இல்லக்கா" என்றேன்.